ஓட்டுக் கணக்கு: சதவீதம் எதுல போடறது, எப்ப ரவுண்ட் பண்றது (முழுமையான வழிகாட்டி)

மொடக்குறிச்சியில 2021 சட்டசபை எலெக்‌ஷன் ரிசல்ட் ஞாபகம் இருக்குங்களா? பாஜக சரஸ்வதி 78,125 ஓட்டு, திமுக சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844 ஓட்டு, வித்தியாசம் வெறும் 281. இப்ப இந்த ரெண்டு பேரு ஓட்டை மட்டும் கூட்டி, ஆளுக்கு எத்தனை சதவீதம்னு போட்டு, புள்ளிக்கு அப்பறம் வர்றதையெல்லாம் ரவுண்ட் பண்ணி எழுதுனா 50%, 50%ன்னு வந்து நிக்கும். ஜெயிச்சது யாரு தோத்தது யாருன்னே தெரியாது. ஒரு தசமம் வச்சா 50.1, 49.9. ரெண்டு தசமம் வச்சா 50.09, 49.91. ஒரே ஓட்டுதான், நாம எங்க வெட்டறோம்கறதைப் பொறுத்து கதை மாறிப்போகுது.

குரூப் 4க்குப் படிக்கறவங்க, எட்டாவது ஒம்பதாவது பசங்களுக்கு வீட்டுல கணக்கு சொல்லித்தர்றவங்க, ரிசல்ட் அன்னைக்கு டீக்கடை பெஞ்சுல உக்காந்து டெபாசிட் போச்சா இல்லையான்னு சண்டை போடறவங்க, எல்லாருக்கும் மாட்டற இடம் ஒண்ணேதாங்க. வகுக்கறது யாருக்கும் கஷ்டமில்லை, செல்போன்லயே கால்குலேட்டர் இருக்குது. எதால வகுக்கறதுங்கறதுலயும், எப்ப ரவுண்ட் பண்றதுங்கறதுலயும்தான் எல்லாம் போய் மாட்டுது. ஒரு கணக்கை எடுத்து கடைசி வரைக்கும் அதையே வச்சு ஓட்டுவோம்.

கணக்கு இதுதான்

கோபி பக்கம் ஒரு ஊராட்சின்னு வச்சுக்குங்க, கற்பனை ஊருதான், நம்பரும் நான் போட்டதுதான். மொத்த வாக்காளர் 4,867 பேர். ஓட்டுப் போட்டவங்க 3,812. ஊராட்சித் தேர்தல்னா வாக்குச்சீட்டுல முத்திரை குத்தறது, ரெண்டு சின்னத்துக்கு நடுவுல குத்துனது, ரெண்டு பேருக்கும் குத்துனதுன்னு செல்லாத ஓட்டு எப்பவும் கொஞ்சம் விழும், இங்க 117. மிச்சம் செல்லுபடியான ஓட்டு 3,695. அதுல பூட்டு சாவி 1,401, ஏணி 1,346, ஆட்டோ 616, சீப்பு 332.

பேனாவை எடுத்ததும் முதல்ல கூட்டிப் பாக்கோணும். 1,401 + 1,346 + 616 + 332 = 3,695, சரி. 3,695 + 117 = 3,812, அதும் சரி. இது என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா பரீட்சையில கேள்வித்தாள்ல இருந்து நம்பரைத் தப்பா எழுதிட்டு அரைமணி நேரம் அதோட மல்லுக்கட்டற பசங்க நிறையப் பேருங்க, இந்த ரெண்டு வரி கூட்டல்ல அது அங்கயே தெரிஞ்சுபோகும்.

எதுல இத்தனை சதவீதம்?

இந்தக் கேள்வியைக் கேக்காம கால்குலேட்டரைத் தொடக்கூடாதுங்க. நம்ம கணக்குல கீழ போடறதுக்கு மூணு நம்பர் இருக்குது: 4,867, 3,812, 3,695. மூணும் மூணு பதில் தரும்.

வாக்குப்பதிவு சதவீதம்னு கேட்டா, போட்டவங்களை மொத்த வாக்காளரால வகுக்கோணும். 3,812 ÷ 4,867 = 0.78323, அதாவது 78.32%.

செல்லாத ஓட்டு எத்தனை சதவீதம்னு கேட்டா, பதிவான ஓட்டுலதான் பாக்கோணும். 117 ÷ 3,812, அது 3.07%. இதையே 4,867ஆல வகுத்தா 2.40%ன்னு வரும். ஓட்டே போடாதவன் எப்படிங்க செல்லாத ஓட்டுப் போடுவான்?

வேட்பாளர் வாங்குன சதவீதம்னா செல்லுபடியான ஓட்டுல. பூட்டு சாவிக்கு 1,401 ÷ 3,695 = 37.92%. ஆனா "ஊருல இருக்கற வாக்காளர்ல எத்தனை சதவீதம் பேரு இவருக்குப் போட்டாங்க"ன்னு கேள்வி இருந்தா 1,401 ÷ 4,867, அது 28.79%தான். தோத்த கட்சிக்காரரு இந்த 28.79ஐத்தான் சொல்லுவாரு, ஜெயிச்சவரு 37.92ஐத்தான் சொல்லுவாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க, கீழ போட்ட நம்பர்தான் வேற.

நெசமான தேர்தல்லயே பாருங்க. 2021ல கோயம்புத்தூர் தெற்குல வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481, வித்தியாசம் 1,728. இவங்க ரெண்டு பேரை மட்டும் கூட்டி வகுத்தா வானதிக்கு 50.83%. பாதிக்கு மேல வாங்குன மாதிரி தெரியுதுங்களா? மூணாவதா வந்த காங்கிரஸ் வேட்பாளரோட 42,383ஐயும் கீழ சேத்துட்டா அதே 53,209 ஓட்டு 36.18% ஆயிருது, மத்த வேட்பாளர்களையும் சேத்தா இன்னும் இறங்கும். மேல நான் மொடக்குறிச்சிக்குப் போட்ட 50.09ம் இந்த வகைதான், ரெண்டு பேருக்குள்ள மட்டும் போட்டது. அதை எங்கயாச்சும் எழுதறதா இருந்தா "இருவருக்குள்"னு ஒரு வார்த்தை சேத்தித்தான் எழுதோணும்.

வகுக்கறது, கால்குலேட்டர் இல்லாம

பரீட்சை ஹால்ல கால்குலேட்டர் கிடையாது. அங்க நேரா 1,401ஐ 3,695ஆல நீள்வகுத்தல் போடறதை விட 1% எத்தனைன்னு முதல்ல எழுதிக்குங்க. 3,695ல 1% = 36.95. 10% = 369.5. 40%ன்னா 1,478, அது 1,401ஐ விட அதிகம். ரெண்டு சதவீதம் குறைச்சா, 1,478 − 73.9 = 1,404.1. அப்ப பதில் 38%க்குக் கொஞ்சூண்டு கம்மி. எத்தனை கம்மி? 3.1 ஓட்டு. 3.1 ÷ 36.95, சுமாரா 0.08. ஆக 37.92. நாலு ஆப்ஷன் குடுத்திருக்கற கேள்வியில "38க்குக் கொஞ்சம் கம்மி"ன்னு தெரிஞ்ச உடனே பாதி நேரம் விடை கெடச்சுரும். கால்குலேட்டர் இருக்கறவங்களும் இதை மனசுல ஒருக்கா ஓட்டிப் பாக்கறது நல்லது, புள்ளியை இடம் மாத்தி அடிச்சு 3.79%ன்னு வந்தா உடனே உறுத்தும்.

எல்லாத்தையும் நாலஞ்சு தசமம் வரைக்கும் எழுதி வச்சுக்குங்க, இப்போதைக்கு எதையும் வெட்ட வேண்டாம்:

பூட்டு சாவி 37.9161
ஏணி 36.4276
ஆட்டோ 16.6712
சீப்பு 8.9851

இப்ப ரவுண்ட் பண்றது

விதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எந்த இடத்துல நிறுத்தறோமோ அதுக்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பாருங்க, 5ம் அதுக்கு மேலயும் இருந்தா ஒண்ணு கூட்டு, 4ம் அதுக்குக் கீழயும் இருந்தா அப்படியே விடு. 37.9161ஐ ரெண்டு தசமத்துல நிறுத்தணும்னா மூணாவது இலக்கம் 6, ஆக 37.92. 16.6712க்கு மூணாவது இலக்கம் 1, ஆக 16.67.

அடுத்த இலக்கத்தை "மட்டும்"னு சொன்னதைக் கவனிக்கோணும். பூட்டு சாவிக்கும் ஏணிக்கும் வித்தியாசம் 55 ஓட்டு. 55 ÷ 3,695 = 1.4885%. இதை முழு எண்ணா எழுதுன்னு கேட்டா பதில் 1%, ஏன்னா புள்ளிக்கு அடுத்து 4. ஆனா நெறயப் பேரு என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல ரெண்டு தசமத்துக்கு 1.49ன்னு எழுதுவாங்க, அப்பறம் ஒரு தசமத்துக்கு 1.5ன்னு ஆக்குவாங்க, அப்பறம் அந்த 1.5ஐப் பாத்து 2%ன்னு முடிப்பாங்க. ஒவ்வொரு அடியும் தனியாப் பாத்தா விதிப்படி சரிதான், மொத்தத்துல பதில் தப்பு. ரவுண்ட் பண்ணதை மறுபடி ரவுண்ட் பண்ணக்கூடாது, எத்தனை தடவை வேணும்னாலும் மூல நம்பருக்குப் போய் அங்கிருந்துதான் வரோணும்.

அதே மாதிரி ரவுண்ட் பண்ண ரெண்டு நம்பரைக் கழிக்கறதும் ஆபத்து. 38ல இருந்து 36 போனா 2%. 3,695ல 2% கிட்டத்தட்ட 74 ஓட்டு. நெசமான வித்தியாசம் 55. எங்க இருந்துங்க வந்துச்சு அந்த 19 ஓட்டு? கழிக்கறதா இருந்தா ஓட்டைக் கழிச்சு, அப்பறம் வகுத்து, கடைசியா ரவுண்ட் பண்ணுங்க.

கூட்டுனா 100 வரலையே!

நம்ம நாலு வேட்பாளரை முழு எண்ணா எழுதுனா 38 + 36 + 17 + 9 = 100. ஒரு தசமத்துல 37.9 + 36.4 + 16.7 + 9.0 = 100. ரெண்டு தசமத்துல 37.92 + 36.43 + 16.67 + 8.99 = 100.01. தசமம் அதிகம் வச்சா துல்லியம் அதிகம், அப்ப கூட்டுத்தொகையும் சரியா வரும்னுதானே நெனைப்போம், இங்க பாருங்க தலைகீழா இருக்குது. ஒவ்வொருத்தருக்கும் வெட்டும்போது கொஞ்சம் ஏறும் இல்ல இறங்கும், அந்த ஏத்த இறக்கம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டா 100, அடிச்சுக்கலைன்னா 99.99 இல்ல 100.01. இதுல தப்பு எதும் இல்லைங்க, இதைப் பாத்துட்டு விடையை அடிச்சுட்டு மறுபடி போட வேண்டியதில்லை, "ரவுண்ட் பண்ணதால கூட்டுத்தொகை 100.01"னு பக்கத்துல எழுதுனாப் போதும்.

ஆள் எண்ணிக்கை கூடக்கூட இது பெருசாகும். அதுக்கும் மொடக்குறிச்சியை விட்டா வேற ஊரு இல்லை. 1996 சட்டசபைத் தேர்தல்ல அங்க 1,033 வேட்பாளருங்க, விவசாயிங்க எதிர்ப்பைக் காட்டறதுக்குக் கூட்டமா மனு போட்டாங்க, வாக்குச்சீட்டையே புஸ்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு ஜெயிச்சதும் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். அந்த வருஷமே சட்டசபைக்கு டெபாசிட்டை 250 ரூபாய்ல இருந்து 5,000க்கு ஏத்துனாங்க, இப்ப பொதுப்பிரிவுக்கு 10,000. சரி, விளையாட்டுக்கு அந்த 1,033 பேரும் சமமா ஓட்டு வாங்குனாங்கன்னு வச்சுக்குங்க. ஆளுக்கு 100 ÷ 1,033 = 0.0968%. முழு எண்ணா எழுதுனா எல்லாருக்கும் 0%, கூட்டுனாலும் 0. ரெண்டு தசமத்துல எழுதுனா ஆளுக்கு 0.10%, கூட்டுனா 103.3%! மூணு தசமத்துக்குப் போனாத்தான் 0.097, மொத்தம் 100.2ன்னு ஒரு வழிக்கு வருது.

அறிக்கையில கட்டாயம் 100 வரணும், மேலதிகாரி கேக்கறாருன்னா அதுக்கும் ஒரு முறையான வழி இருக்குது. எல்லாத்தையும் முதல்ல கீழ் பக்கமாவே வெட்டிருங்க: 37.91, 36.42, 16.67, 8.98. கூட்டுனா 99.98, ரெண்டு 0.01 பாக்கி. வெட்டுன மிச்சம் யாருக்கு அதிகமோ அவங்களுக்கு முதல்ல குடுங்க. ஏணிக்கு மிச்சம் 0.76, பூட்டு சாவிக்கு 0.61, சீப்புக்கு 0.51, ஆட்டோவுக்கு 0.12 (எல்லாம் 0.01ல பங்கு). ஆக ஏணி 36.43, பூட்டு சாவி 37.92, மத்தது அப்படியே, மொத்தம் சரியா 100.00. சீப்புக்காரரு 8.99க்குப் பதிலா 8.98ல நிப்பாரு, அவருக்கு ஓட்டு எதும் குறையலை, அட்டவணையில எழுதறதுதான் மாறுது. பரீட்சையில இதைப் பண்ணாதீங்க, அங்க சாதாரண விதிதான்.

டெபாசிட் கணக்குல சதவீதமே வேண்டாம்

என்னைக் கேட்டா இந்த மொத்த விஷயத்துலயும் ருசியான இடம் இதுதாங்க. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 158 என்ன சொல்லுதுன்னா, ஜெயிக்காத வேட்பாளர் செல்லுபடியான மொத்த ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா டெபாசிட் போச்சு. சட்டசபை, லோக்சபாவுக்கான விதி இது, நம்ம ஊராட்சிக் கணக்குக்கும் இதையே வச்சுப் பாப்போம்.

ஆறுல ஒண்ணுன்னா 16.6666...%, முடியவே முடியாது. ஆளுங்க இதை 16.67ன்னு ரவுண்ட் பண்ணி வச்சிருக்காங்க. நம்ம ஆட்டோக்காரருக்கும் 16.67%. இப்ப "மேல" வாங்குனாரா இல்லையா? 16.67ம் 16.67ம் சமம், அப்ப போச்சுன்னு ஒருத்தரு, இல்லைன்னு ஒருத்தரு, பஞ்சாயத்து முடியாது. சதவீதத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டு அவரு ஓட்டை 6ஆல பெருக்குங்க. 616 × 6 = 3,696. செல்லுபடியான ஓட்டு 3,695. 3,696 பெருசு, டெபாசிட் தப்பிச்சுது. ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சு 615 ஆயிருந்தா 3,690, போயிருக்கும். ரவுண்ட் பண்ணவே வேண்டியதில்லாத கணக்கை ரவுண்ட் பண்ணிக் கெடுக்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

இங்கயும் கீழ் நம்பர் பிரச்சனை ஒளிஞ்சுட்டு இருக்குது. யாராச்சும் பதிவான 3,812ஐ வச்சுப் பாத்தா 616 வெறும் 16.16%, டெபாசிட் காலின்னு சொல்லிருவாங்க. சட்டசபை, லோக்சபாவுல இந்த வேலையை நோட்டா பண்ணும். 2013ல வந்த நோட்டா, டெபாசிட் கணக்குல செல்லுபடியான ஓட்டா எடுத்துக்கறதில்லை. உதாரணத்துக்கு, வேட்பாளருங்க எல்லாரும் சேந்து 1,80,000 ஓட்டு, நோட்டா 2,000, ஒருத்தரு 30,100 வாங்கியிருக்காரு. நோட்டாவையும் சேத்து போட்ட அட்டவணையில அவருக்கு 16.54%ன்னு தெரியும், பாத்தவங்க டெபாசிட் போச்சுன்னு போஸ்ட் போட்டுருவாங்க. 30,100 × 6 = 1,80,600, அது 1,80,000ஐ விட அதிகம், பணம் திரும்பக் கெடைக்கும்.

எல்லை வச்ச எந்தக் கணக்குலயும் இதே புத்திதான். கட்சிகளுக்கு அங்கீகாரமும் சின்னமும் குடுக்கற தேர்தல் ஆணையத்தோட சின்னங்கள் ஆணையில ஒரு வழி இருக்குது, கடைசியா நடந்த சட்டசபை இல்ல லோக்சபா தேர்தல்ல அந்த மாநிலத்துல செல்லுபடியான ஓட்டுல 8%க்குக் குறையாம வாங்குன கட்சி, சீட்டே ஜெயிக்காட்டியும் மாநிலக் கட்சியா அங்கீகாரம் வாங்கலாம். நாம் தமிழர் கட்சி 2024 லோக்சபா தேர்தல்ல 8%ஐத் தாண்டித்தான் அங்க வந்துச்சு. 7.96 வாங்கிட்டு "ரவுண்ட் பண்ணா 8தானுங்களே"ன்னு போய் நின்னா வேலைக்கு ஆகாது. சமமா வர்றதும் அப்படித்தான், ரெண்டு பேருக்கும் சதவீதம் ஒண்ணா இருக்கறதும் ஓட்டு ஒண்ணா இருக்கறதும் வேற வேற, குலுக்கல் போடறது ஓட்டு எண்ணிக்கையே சமமா இருந்தா மட்டும்தான்.

பின்னால இருந்து வர்ற கணக்கு

சதவீதத்தைக் குடுத்துட்டு ஓட்டைக் கண்டுபிடின்னு கேப்பாங்க. 3,695ல 37.92%ன்னா, 0.3792 × 3,695 = 1,401.14. ஓட்டு பின்னமா வராது, ஆக 1,401. இது உறுதியான விடையான்னு பாக்க, 37.92ன்னு எழுதியிருந்தா நெசம் 37.915க்கும் 37.925க்கும் நடுவுல எங்கயோ இருக்குது. ஓட்டுல அது 1,400.96ல இருந்து 1,401.33 வரைக்கும், நடுவுல ஒரே முழு எண்தான். ஆனா வெறும் 38%ன்னு மட்டும் குடுத்திருந்தா 37.5ல இருந்து 38.5 வரைக்கும், அதாவது 1,386ல இருந்து 1,422 வரைக்கும் எது வேணும்னாலும் இருக்கலாம், 37 விடை! மொத்தத்தை 10,000ஆல வகுத்துப் பாருங்க, 0.01%ங்கறது எத்தனை ஓட்டுன்னு தெரியும். நம்ம ஊராட்சியில அரை ஓட்டு கூட இல்லை. மொடக்குறிச்சியில அந்த ரெண்டு பேரோட 1,55,969ல அது கிட்டத்தட்ட 15.6 ஓட்டு, அங்க ரெண்டு தசமத்தை வச்சு சரியான ஓட்டைத் திருப்பி எடுக்க முடியாது.

இன்னொரு ரகம்: கிளாஸ் லீடர் எலெக்‌ஷன்ல ஒரு பையனுக்கு 43%, அம்மணிக்கு 57%, முழு எண்ணா ரவுண்ட் பண்ணது, குறைஞ்சபட்சம் எத்தனை பேரு ஓட்டுப் போட்டிருப்பாங்க? 100ன்னு சொல்லாதீங்க. 2, 3, 4ன்னு சின்ன எண்ல இருந்து ஏறிட்டே வாங்க. 5ல 2 பேருன்னா 40%, 6ல 3ன்னா 50%, ரெண்டும் ஆகாது. 7ல 3 = 42.857, ரவுண்ட் பண்ணா 43. 7ல 4 = 57.14, அது 57. விடை 7.

குரூப் தேர்வுல அடிக்கடி வர்ற மாடல் ஒண்ணு பாத்துருவோம். ரெண்டு பேரு போட்டி, வாக்காளர்ல 75% பேரு ஓட்டுப் போட்டாங்க, அதுல 10% செல்லாதது, ஜெயிச்சவரு செல்லுபடியான ஓட்டுல 55% வாங்கி 1,080 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, மொத்த வாக்காளர் எத்தனை பேரு? 55 − 45 = 10, செல்லுபடியானதுல 10% = 1,080, ஆக செல்லுபடியானது 10,800. இது பதிவானதுல 90%, ஆக பதிவானது 10,800 ÷ 0.9 = 12,000. இங்கதான் பாதிப் பேரு 10,800ஓட 10% கூட்டி 11,880ன்னு போட்டுட்டுப் போவாங்க, அந்த 10% பெரிய நம்பர்ல எடுத்தது, சின்ன நம்பர்ல எடுத்துக் கூட்டுனா சேராது. 12,000 ÷ 0.75 = 16,000. முடிஞ்சுது.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம்

போன தேர்தல்ல வாக்குப்பதிவு 74.5%, இந்தத் தடவை 78.32%ன்னா "3.82% கூடிருச்சு"ன்னு எழுதாதீங்க. கூடுனது 3.82 சதவீதப் புள்ளி. சதவீதமா சொல்லணும்னா 3.82 ÷ 74.5 = 5.13%.

எக்ஸல்ல போடறவங்களுக்கு: தசமத்தைக் குறைக்கற பட்டனை அமுக்குனா பார்வைக்குத்தான் நம்பர் சின்னதாகும், உள்ள முழு நம்பர் அப்படியே இருக்குது, கூட்டுனா உள்ள இருக்கறதைத்தான் கூட்டும். அதனாலதான் கண்ணுக்கு 100.01 வர வேண்டிய இடத்துல அது 100.00ன்னு காட்டும், நீங்க கையில கூட்டிப் பாத்துட்டு எக்ஸல் தப்புன்னு நெனைப்பீங்க. ரவுண்ட் ஃபார்முலா போட்டா உள்ளயே நெசமா வெட்டிரும், அதைக் கடைசி நெடுவரிசையில (column) மட்டும் போடுங்க, நடுவுல எங்கயும் வேண்டாம்.

போட்டுப் பாக்க ஒண்ணு தர்றேன். செல்லுபடியான ஓட்டு 2,946, ஒருத்தரு 491 வாங்கி மூணாவதா வந்தாரு, கால்குலேட்டர் 16.67%ன்னு காட்டுது, டெபாசிட் கெடைக்குமா? 491 × 6 = 2,946. சரியா ஆறுல ஒண்ணு. சட்டம் கேக்கறது ஆறுல ஒண்ணுக்கு மேல, ஆக போச்சுங்க.